“வண்டி எத்தனை டன், அண்ணே?”

இரண்டு ஆண்டுகளுக்கு முன், டிசம்பர் விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மலேசியாவில் ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதையை நோக்கி ஏறும் மேட்டில் எங்கள் கேம்பர்வேன், அதாவது படுக்கையும் அடுப்பும் வைத்து வீடாக மாற்றிய வண்டி, நின்றுவிட்டது. அது நின்றதைப் பற்றி எனக்கு இன்று மனக்குறை எதுவும் இல்லை. பழைய டீசல் வண்டி, நீண்ட ஏற்றம், உள்ளே நான்கு பேர், நிரம்பிய தண்ணீர்த் தொட்டி, தேய்ந்துபோன கிளச் தட்டு. இத்தனையும் ஒன்றுசேர்ந்தால் எந்த வண்டியும் ஒருநாள் நிற்கத்தான் செய்யும். என் மனத்தை விட்டு அகலாமல் இருப்பது அதன் பிறகு கழிந்த ஐந்தேமுக்கால் மணி நேரம். எங்களிடம் காப்புறுதி இருந்தது. அதனுடன் 24 மணி நேரச் சாலை உதவியும் இருந்தது. அழைக்க வேண்டிய எண்ணை ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தோம். அழைத்தோம், உடனே எடுத்தார்கள், லோரியையும் அனுப்பினார்கள். ஆனால் வந்த லோரியால் எங்கள் வண்டியை ஓர் அடிகூட நகர்த்த முடியவில்லை. எல்லாம் முறையாக நடந்தும் உதவி கிடைக்காமல் போனது எப்படி என்ற கேள்வி அன்று முதல் என்னை விட்டபாடில்லை.

கேம்பர்வேன் வைத்திருக்கும் நம்மவர்கள் ஒன்றுகூடும்போது சூரியத் தகடு எத்தனை வாட், லித்தியம் பேட்டரி எத்தனை ஆம்பியர், நிழல்விரிப்பு எந்தக் கடையில் மலிவு என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். சாலை உதவியை மட்டும், முகவர் காப்புறுதியைப் புதுப்பிக்கும் நாளில், “இதையும் சேர்த்துக்கட்டுமா?” என்று அவர் கேட்க, “சேர்த்துக்குங்க” என்று சொல்லி ஒரே நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் முடித்தேன். ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, இலவசமாக எத்தனை கிலோமீட்டர் இழுத்துச் செல்வார்கள் என்ற இரண்டு எண்களை மட்டும் பார்த்தேன். அந்த இரண்டு எண்களும் அன்றிரவு எனக்குப் பயன்படவே இல்லை.

மேட்டில் நின்ற இரவு

செந்தூலிலிருந்து மாலை ஐந்து மணிக்குக் கிளம்பி, தாப்பா ஓய்வு நிலையத்தில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, பட்டர்வொர்த்தில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். என்னுடன் மனைவி, மகள், 76 வயதான அம்மா. மணி 8.40 இருக்கும். எஞ்சின் உறுமுகிறது, வண்டி மட்டும் மெல்ல மெல்ல வேகம் குறைகிறது, கருகிய வாடை கால்மிதியிலிருந்து எழும்புகிறது. அவசரத் தடத்தில் ஒதுக்கி நிறுத்துவதற்குத்தான் உந்துவிசை மிச்சமிருந்தது. கனரக லோரி ஒவ்வொன்றும் எங்களைக் கடந்து போகும்போது வண்டி முழுவதும் அசைந்தது. உள்ளே அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி ஒலித்தன. அந்த ஒலியை நான் இன்னும் மறக்கவில்லை.

நெடுஞ்சாலை ரோந்து வண்டி அரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. வந்தவர் முதலில் செய்தது கூம்புகளை வரிசையாக வைத்ததும், எங்கள் எல்லாரையும் வண்டியை விட்டு இறங்கச் சொன்னதும்தான். பின்னால் வரும் லோரி தூக்கக் கலக்கத்தில் தடம் மாறினால், உள்ளே இருப்பவர்கள் பிழைப்பது அரிது என்று அவர் பணிவாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல் சொன்னார். அம்மாவுக்கு மடக்கு நாற்காலியைத் தடுப்புக் கம்பிக்கு அப்பால் போட்டு, தோளில் போர்வையைச் சுற்றி உட்கார வைத்தோம். அருகிலுள்ள டோல் சாவடி வரை கார்களை இலவசமாக இழுத்துக்கொண்டு போகும் ஏற்பாடு உண்டு என்றும், பின்பக்கம் இரட்டைச் சக்கரம் உள்ள இந்த வண்டிக்கு அது உதவாது என்றும் சொல்லி, எங்களுடைய காப்புறுதி லோரி வரும்வரை தம் விளக்குகளை எரியவிட்டு நின்றார். அவர் சற்று முன்னால் நடந்து போன இடைவெளியில், யாரும் கூப்பிடாமலேயே ஓர் இழுவை லோரி வந்து நின்றது. 1,800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் இப்போதே ஈப்போவில் கொண்டுபோய் விடுகிறேன், பிறகு விலை ஏறும் என்றார் அதை ஓட்டி வந்தவர். ரோந்துப் பணியாளர் திரும்பி வருவதைக் கண்டதும் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிவிட்டார். அம்மா குளிரில் உட்கார்ந்திருக்கும்போது அந்தத் தொகையைக் கொடுத்துவிடலாமா என்று நான் ஒரு கணம் நினைத்தேன். இப்படிப்பட்டவர்கள் அந்த ஒரு கணத்தை நம்பித்தான் இரவெல்லாம் நெடுஞ்சாலையில் சுற்றுகிறார்கள்.

காப்புறுதி நிறுவனம் அனுப்பிய லோரி 9.55-க்கு வந்தது. ஓட்டி வந்த தம்பிக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவர். இறங்கியதும் எங்களிடம் பேசாமல் கைவிளக்கை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். முன்சக்கரத்தின் அருகில் குனிந்து பார்த்தார். பின்பக்கம் போய்த் தரையில் ஒரு கையை ஊன்றி, வண்டியின் அடியில் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டே கேட்டார்: “வண்டி எத்தனை டன், அண்ணே?”

எனக்குத் தெரியவில்லை. மூன்று ஆண்டுகளாக ஓட்டும் வண்டி. அதன் பலகை ஒவ்வொன்றையும் நானே தேர்ந்தெடுத்து இழைக்கச் சொன்னவன். தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர், அடுப்புக்கு எத்தனை கிலோ எரிவாயு என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். மொத்த எடை என்னவென்று கேட்டதும் வாயடைத்து நின்றேன். அவர் அடுத்து உயரத்தைக் கேட்டார். அதுவும் தெரியவில்லை. தம் லோரியிலிருந்து அளவு நாடாவை எடுத்து வந்து, என் மகளை ஒரு நுனியைப் பிடிக்கச் சொல்லி, கூரைமேல் இருந்த ஏர்கோன் வரைக்கும் அளந்தார். 2.93 மீட்டர். நாடாவைச் சுருட்டிக்கொண்டே, “போன்ல என்னன்னு சொன்னீங்க?” என்றார்.

“வேன்னு சொன்னோம், தம்பி.”

“அதான்ணே. நீங்க வேன்னு சொன்னா, ஆபீஸ்ல வேன்னுதான் எழுதுவாங்க.” அவர் தம் கைப்பேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். விரிசல் விட்ட கண்ணாடிக்கு அடியில் எங்கள் வண்டியின் எண், இடம், அதற்குக் கீழே மலாய்மொழியில் இரண்டே சொற்கள்: வேன், கிளச். அவருக்கு எங்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

அவர் கொண்டுவந்திருந்தது, முன்சக்கரங்களைத் தூக்கிப் பின்சக்கரங்களை உருளவிட்டு இழுத்துச் செல்லும் சிறிய லோரி. எங்கள் வண்டிக்கு அது ஏன் ஆகாது என்பதை அந்த இடத்திலேயே, கைவிளக்கின் வெளிச்சத்தில் அவர் எனக்கு விளக்கினார். வீடு கட்டிய வண்டியில் பின்னச்சுக்குப் பின்னாலும் உடல் நீண்டிருக்கும். எங்களுடையதில் அப்படி நீட்டிக்கொண்டிருப்பது ஒன்றரை மீட்டர். அதன் அடியில் கழிவுநீர்த் தொட்டியும் ஏறுபடியும் தொங்குகின்றன. மூக்கைத் தூக்கினால் வால் தரையில் உரசும். உரசினால் முதல் வளைவுக்குள் தொட்டி பிய்ந்துவிடும். அது போக, முன்னச்சின் சுமையை அவர் லோரியின் கரம் தாங்குமா என்பதும் ஐயம். மொத்த வண்டியையும் தட்டையான மேடையில் ஏற்றிச் செல்லும் பெரிய கேரியர்தான் வேண்டும். அதிலும் மேடையின் உயரத்தோடு எங்கள் உயரத்தைக் கூட்டினால் நான்கு மீட்டரை நெருங்குகிறது, ஆகவே பாதை பார்த்துப் போகும் ஆள் வேண்டும்.

அவருடைய வேலை அத்துடன் முடிந்தது. இழுக்காத வண்டிக்கு அவருக்குக் கூலி கிடையாது. ஆனாலும் அவர் போகவில்லை. அவரே நான்கைந்து பேருக்கு அழைத்து, மெங்கிளம்புவில் பெரிய கேரியர் வைத்திருக்கும் ஒரு சீனப் பெரியவரை எழுப்பி, தாம் மதிப்பிட்ட எடையையும், அளந்த உயரத்தையும் பின்நீட்டத்தையும் தாமே சொல்லி ஏற்பாடு செய்தார். அந்த லோரி ஒன்றரை மணிக்கு வந்தது. மேடையைச் சாய்த்து வண்டியை ஏற்றுமுன் எரிவாயு உருளையின் வால்வை மூடினோம். குளிர்பெட்டியை அணைத்து, அம்மாவின் இன்சுலினைப் பனிக்கட்டி போட்ட குடுவைக்கு மாற்றினோம். இழுப்பறைகளைத் துணியால் கட்டினோம். மேடைமேல் இருக்கும் வண்டிக்குள் யாரும் உட்காரக் கூடாது. லோரியின் முன்னறையில் இரண்டு பேருக்குத்தான் இடம். நாங்கள் நான்கு பேர். அம்மாவையும் மகளையும் சுங்கை சிப்புட் தம்பி தம் சிறிய லோரியில் ஏற்றிக்கொண்டு எங்களுக்குப் பின்னாலேயே வந்தார். ஜெலாப்பாங்கில் ஒரு பட்டறை வாசலில் இறங்கியபோது மணி 2.25. கேரியருக்கு 950 வெள்ளி ரொக்கமாகக் கொடுத்தேன். பிறகு காப்புறுதி நிறுவனம் அதில் 300 வெள்ளியைத் திருப்பித் தந்தது. அந்தத் தம்பி காசு வாங்க மறுத்துவிட்டார்.

எடைப்பாலத்தில்

கோலாலம்பூர் திரும்பியதும் நீண்ட புகார்க் கடிதம் எழுதினேன். மூன்று வாரம் கழித்து நான்கு வரியில் பதில் வந்தது: வாடிக்கையாளர் தெரிவித்த விவரங்களின்படி பொருத்தமான வாகனம் அனுப்பப்பட்டது. அந்த ஒரு வாக்கியம் பல மாதங்கள் என் தூக்கத்தைக் கெடுத்தது. அதில் பொய் இல்லை என்பதுதான் என்னை அதிகம் சுட்டது. நாங்கள் வேன் என்று சொன்னோம். அவர்கள் வேனுக்கான லோரியை அனுப்பினார்கள். நெடுஞ்சாலையில் டோல் கட்டும்போது எங்கள் வண்டி இரண்டாம் வகுப்பு. இரண்டு அச்சும் மூன்று அல்லது நான்கு சக்கரமும் உள்ளவை முதல் வகுப்பு, இரண்டு அச்சும் ஐந்து அல்லது ஆறு சக்கரமும் உள்ளவை இரண்டாம் வகுப்பு என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். டோல் சாவடி எங்கள் சக்கரங்களை ஒவ்வொரு முறையும் எண்ணியது. உயிர் போகிற நேரத்தில் உதவிக்கு வரவேண்டியவர்கள் எண்ணவில்லை. எண்ணிச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. குற்றம் யாருடையது என்று என்னால் இன்றும் முழுமையாகத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. கேட்க வேண்டியது அவர்கள் தொழில் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தது என் அம்மா.

அதனால் முதலில் என் பங்கைச் சரிசெய்யத் தொடங்கினேன். கிள்ளானுக்கு அருகில் பழைய இரும்பு வாங்கும் ஒரு கிடங்கில் எடைப்பாலம் இருக்கிறது. பத்து வெள்ளி கொடுத்தால் யாருடைய வண்டியையும் எடை போட்டுத் தருவார்கள். பயணத்துக்குக் கிளம்பும் நாளில் எப்படி இருக்குமோ அப்படியே, தண்ணீரை நிரப்பி, படுக்கை, பாத்திரம், அரிசி மூட்டை உட்பட ஏற்றிக்கொண்டு, நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்தபடி பாலத்தில் ஏறினோம். மஞ்சள் சீட்டில் அச்சாகி வந்தது: 3,960 கிலோ. பிறகு முன்சக்கரங்களை மட்டும் பாலத்தில் வைத்து ஒருமுறை: 1,480. ஆக, பின்னச்சின் மேல் 2,480 கிலோ. லோரிக் கதவுகளில் மலாயில் எழுதியிருக்கிறதே, சுமையில்லா எடை, சுமையுடன் கூடிய எடை என்று இரண்டு வரிகள். அவற்றை வாழ்நாள் முழுவதும் சாலையில் படித்திருக்கிறேன், என் வண்டிக்கும் அப்படி இரண்டு எண்கள் உண்டு என்று நினைத்ததில்லை. நமது டி வகுப்பு ஓட்டுநர் உரிமம் பார்ப்பது 3,500 கிலோ என்ற சுமையில்லா எடை வரம்பை. இழுவை லோரிக்காரர் பார்ப்பது சாமானும் தண்ணீரும் ஆளும் சேர்ந்த எடையை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் பலர்.

யார் திருப்பிக் கேட்கிறார்கள்?

எண்கள் கைக்கு வந்த பிறகுதான் தேர்ந்தெடுக்கும் வேலையில் இறங்கினேன். நம் நாட்டில் சாலை உதவி பல வழிகளில் கிடைக்கிறது: காப்புறுதியுடன் ஒட்டி வருவது, வண்டி விற்ற நிறுவனம் தருவது, 1932-இல் தொடங்கப்பட்ட மலேசிய ஆட்டோமொபைல் சங்கம் போன்ற அமைப்பில் உறுப்பியம் (உறுப்பினராகச் சேர்வது), அண்மைக் காலமாகக் கைப்பேசிச் செயலிகள், கட்டண நெடுஞ்சாலைகளின் சொந்த ரோந்து. இவற்றின் விளம்பரத் தாள்களை மேசையில் பரப்பி ஒப்பிட்டால், எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. பேட்டரி, டயர், எரிபொருள், பூட்டிக்கொண்ட கதவு, இழுவை. ஆகவே தாள்களை மடித்து வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன். ஆறு இடங்களுக்கு அழைத்தேன். எல்லாரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொன்னேன்: “எங்களிடம் ஒரு கேம்பர்வேன் இருக்கிறது, உங்கள் சேவையில் சேர விரும்புகிறோம்.” அதன் பிறகு வேண்டுமென்றே பேசாமல் இருந்தேன். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கேட்பதுதான் என் நோக்கம்.

ஐந்து பேர் வண்டி எண்ணைக் கேட்டார்கள், அடையாள அட்டை எண்ணைக் கேட்டார்கள், பணத்தை எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்டார்கள். ஆறாவது இடத்தில் பேசிய பெண்மணி சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, “பின்னால் ஒற்றைச் சக்கரமா, இரட்டைச் சக்கரமா?” என்று மலாயில் கேட்டார். அடுத்து, “கூரைமேல் ஏர்கோன் இருக்கிறதா?” அடுத்து, “எத்தனை பேர் பயணம் செய்வீர்கள்?” எனக்கு மெனோரா மேட்டில் சுங்கை சிப்புட் தம்பியின் குரல் மறுபடி கேட்டதுபோல் இருந்தது. அந்த நிறுவனம் மலிவானது அன்று; மற்றவர்கள் தருவதாகச் சொன்ன தூரத்தைவிட அவர்கள் தரும் இலவச தூரம் குறைவு. அதிலேயே சேர்ந்தேன். பெரிய கேரியருக்கு வடக்கில் எங்களுடன் ஒப்பந்தம் உள்ளவர் ஈப்போவில் ஒருவர், பட்டர்வொர்த்தில் ஒருவர், கிழக்குக் கரையில் குவாந்தானுக்கு வடக்கே யாரும் இல்லை என்று அவர் ஒளிக்காமல் சொன்னதும் எனக்கு நம்பிக்கை தந்தது. “நாடு முழுவதும் உண்டு, கவலைப்படாதீர்கள்” என்ற மற்ற ஐவரின் பதில் என்னைக் கவலைப்படத்தான் வைத்தது.

தூரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் முதலில் நீட்டுவது அதைத்தான். அமெரிக்காவில் டெக்சஸில் இருக்கும் என் மாமன் மகள் குடும்பம் இத்தகைய வண்டியில் ஆண்டில் இரண்டு மாதம் சுற்றுகிறது. அவள் அங்குள்ள விதிமுறைகளை எனக்கு அனுப்பி வைத்தாள். ஏ.ஏ.ஏ. என்ற அவர்களுடைய ஆட்டோமொபைல் சங்கத்தின் அடிப்படை உறுப்பியம் பொதுவாக வீட்டு வண்டிகளை ஏற்பதில்லை. அவற்றுக்கென்று கூடுதல் கட்டணம் கட்டி மேல்நிலை உறுப்பியம் எடுக்க வேண்டும். அதாவது, இது கார் அன்று என்பதை உறுப்பினர் சேரும் நாளிலேயே சொல்லிவிடுகிறார்கள். குட் சாம் போன்ற, இவ்வகை வண்டிகளுக்கென்றே இயங்கும் திட்டங்கள் தூர வரம்பே இல்லை என்கின்றன. ஆனால் அந்த வரம்பின்மை அருகிலுள்ள சேவை நிலையம் வரைக்கும்தான். அங்கே அது நியாயமான ஏற்பாடு, ஏனென்றால் இத்தகைய வண்டிகளைப் பழுதுபார்க்கும் இடங்கள் அங்கே ஊருக்கு ஊர் உண்டு. அதே “அருகிலுள்ள” என்ற சொல் நம் ஊர் ஒப்பந்தத்தில் வந்தால் பொருள் மாறிவிடுகிறது. பீடோரில் நின்றுபோனால் அருகிலுள்ள பட்டறை, கூரை தாழ்ந்த கார்ப் பட்டறையாக இருக்கலாம், 2.93 மீட்டர் வண்டி அதற்குள் நுழையாது. ஆகவே நான் கேட்பது எத்தனை கிலோமீட்டர் என்று அன்று. எங்கே இறக்குவது என்பதை முடிவு செய்வது நீங்களா நானா என்று. அத்துடன், தூரத்தை நின்ற இடத்திலிருந்து கணக்கிடுகிறீர்களா, லோரி தன் கொட்டகையை விட்டுக் கிளம்பியதிலிருந்தா என்று. இரண்டாவது வழியில் கணக்கிட்டால் இலவசம் என்று சொல்லும் 150 கிலோமீட்டர் பாதியாகக்கூடச் சுருங்கிவிடலாம்.

வண்டியில் வந்த ஆட்கள் என்ன ஆவார்கள் என்பதைத்தான் இன்னும் அழுத்தமாகக் கேட்க வேண்டும். கார் நின்றால் பயணம் நிற்கிறது; கேம்பர்வேன் நின்றால் அன்றிரவு படுக்கும் வீடும் சேர்ந்தே நிற்கிறது. வண்டியைக் கேரியர் தூக்கிக்கொண்டு போன பிறகு, நள்ளிரவில் முதியவர் ஒருவர், சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர், எந்த வண்டியில் ஏறுவார்? அன்றிரவு ஓர் இளைஞரின் நல்ல மனத்தால் எங்களுக்கு வழி பிறந்தது. ஒவ்வொரு இரவிலும் அப்படி ஒருவர் வருவார் என்று நம்பிக் கிளம்ப என்னால் முடியாது. பயணிகளுக்குத் தனி வாகனமும் ஓர் இரவு விடுதிச் செலவும் திட்டத்தில் எழுத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். “பார்த்துக்கொள்வோம்” என்ற வாய்ச்சொல் போதாது.

சின்னச் சின்னதாகச் சில. மாற்றியமைத்த வண்டிக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் வாங்கி, பதிவுத் தாளில் அது ஏறியிருக்க வேண்டும் என்பதோடு, அந்த மாற்றம் காப்புறுதிக்காரருக்கும் எழுத்தில் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் மாற்றியமைத்த வாகனம் என்ற ஒரே காரணத்தால் சாலை உதவியை மறுக்க இடமுண்டு. பின்சக்கர இயக்கமும் தானியங்கிக் கியரும் உள்ள வண்டியைப் பின்சக்கரம் உருள இழுத்தால், எஞ்சின் ஓடாததால் கியர்ப்பெட்டிக்குள் எண்ணெய் சுற்றாது, சிறு பழுதின் செலவோடு போக வேண்டியது கியர்ப்பெட்டிச் செலவாகிவிடும். இரட்டைச் சக்கரத்தின் உள்டயரைக் கழற்றும் ஜாக்கியும் குறடும் டயர் மாற்ற வருபவரிடம் இருக்குமா என்று கேளுங்கள். பேருந்து லோரிகளுக்குச் சேவை செய்பவர்களிடம் இருக்கும், காருக்குச் செய்பவர்களிடம் பெரும்பாலும் இருக்காது. நம் வாகனக் காப்புறுதி பொதுவாக மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்று நாடுகளுக்குள் செல்லும். ஹட்யாய்க்குப் போகிறவர்கள் புக்கிட் காயு ஹீத்தாமைத் தாண்டுமுன் நீட்டிப்பும் தாய்லாந்துக் காப்புறுதியும் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் சாலை உதவி எல்லைக்கு அப்பால் வருமா என்பது வேறு கேள்வி, அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

கண்ணாடிக்கு மேல் ஒட்டியிருக்கும் அட்டை

பழைய தொலைபேசி எண் இருந்த இடத்தில் இப்போது ஓர் அட்டை இருக்கிறது. மகள் தன் கையால் எழுதி நெகிழித்தாளால் மூடித் தந்தது. முதல் வரி: இது வேன் அன்று, ஆறு சக்கர மோட்டார் வீடு. பிறகு, எடை 3,960 கிலோ, உயரம் 2.93 மீட்டர், நீளம் 6.1 மீட்டர், பின்நீட்டம் 1.5 மீட்டர், பின்சக்கர இயக்கம், கைக்கியர், மேடைக் கேரியர் மட்டும், முன்சக்கரம் தூக்கும் லோரி வேண்டாம். எரிவாயு வால்வு இடப்பக்கக் கதவுக்குள். பயணிகள் நால்வர், ஒருவர் முதியவர். இதையே மலாயிலும் எழுதியிருக்கிறாள். நான் பதற்றத்தில் இருக்கும்போது மனைவி இதைப் பார்த்து அப்படியே படித்தால் போதும். நெடுஞ்சாலையில் நின்றால் சாலையோரக் கிலோமீட்டர் பலகையில் உள்ள எண்ணையும், வடக்கு நோக்கியா தெற்கு நோக்கியா என்பதையும் முதலில் சொல்ல வேண்டும் என்பது கடைசி வரி.

இந்த அட்டை தீர்க்காத ஒரு சாலை இருக்கிறது. கிளந்தானில் அம்மாவின் தங்கை இருக்கிறார். அவரைப் பார்க்க வேண்டும் என்று அம்மா ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பினாங்கிலிருந்து போவதென்றால் கிரிக்கிலிருந்து ஜெலி வரைக்கும், 1982-இல் திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைதான் வழி. காட்டுக்கும் தெமெங்கோர் ஏரிக்கும் நடுவே ஏறி இறங்கும் அந்த நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில், கைப்பேசிக்கு அலை கிடைக்காத பகுதிகள் உண்டு. நெடுஞ்சாலையில் நின்றால் வண்டியை விட்டு இறங்கித் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள் என்பது ரோந்துப் பணியாளர் எனக்குக் கற்றுத் தந்த பாடம். யானைகள் சாலையைக் கடக்கும் அந்தக் காட்டில் இருட்டிய பிறகு அம்மாவை மடக்கு நாற்காலியில் வெளியே உட்கார வைக்க முடியாது. உறுப்பினராகச் சேர்ந்திருக்கும் நிறுவனத்துப் பெண்மணியிடம் கேட்டேன். அந்தச் சாலைக்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை, கிரிக்கில் கேரியர் வைத்திருக்கும் ஒருவரின் எண்ணைத் தருகிறேன், நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றார்.

சென்ற வாரம் அவருக்கு அழைத்தேன். தமிழர்தான், தோட்டத்தில் லோரி ஓட்டிப் பிறகு சொந்தமாகக் கேரியர் வாங்கியவர். முகமன் முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “வண்டி எத்தனை டன், ஐயா?” அவர் மூச்சு விடுவதற்குள் நான் எடையையும் உயரத்தையும் பின்நீட்டத்தையும் சொன்னேன். “சரி, நம்ம மேடைல ஏறும்” என்றார். பிறகு சொன்னார்: “ராத்திரி வேணாம். காலைல கிரிக்ல பசியாறிட்டு, எண்ணெய் ஊத்திட்டு, எனக்கு ஒரு போன் போட்டுட்டுக் கிளம்புங்க. மலையில மழைன்னா நானே நிக்கச் சொல்லிடுவேன். ஜெலி போய்ச் சேர்ந்ததும் இன்னொரு போன். டவர் இல்லாத இடத்துல நின்னுட்டீங்கன்னா நீங்க எனக்குக் கூப்பிட முடியாது. எத்தனை மணிக்கு அந்தப் பக்கம் போயிருக்கணும்னு எனக்குத் தெரிஞ்சிருந்தாத்தான் நானா தேடி வர முடியும்.”

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை போகிறோம். கிரிக்கிலிருந்து காலை 8.30-க்குக் கிளம்புவோம், 11.30-க்குள் ஜெலியில் இருப்போம் என்று அவருக்கு எழுதி அனுப்பினேன். நிதானமாக வாருங்கள், 12 மணி என்று குறித்து வைத்துக்கொள்கிறேன் என்று பதில் எழுதியிருக்கிறார்.